ஜோடியில்லாத வார்த்தை

“கேட்னா வாசக்கதவு, லேட்னா நாழியாச்சு, ப்ளேட்னா தட்டு” என்று சொல்லிக்கொண்டே வாலாம்பாள் கொதிக்கிற வெல்லப்பாகில் ஒரு சொட்டைக் கிண்ணத்து ஜலத்தில் விடுகிறாள். அதை இரண்டு விரலால் உருட்டிப் பித்தளைத் தட்டின்மேல் போடுகிறாள். டங். “ஃபேட்னா தலையெழுத்து” என்று முடித்துவிட்டு உருளியை இறக்குகிறாள். பதம் வந்தது பாகுக்கா வார்த்தைக்கா என்று கேட்டால், “ரெண்டுக்கும் ஒரே பதமாக்கும். தட்டுல போட்டா சத்தம் கேக்கணும். சொத்துன்னு விழுந்தா திருப்பிக் கொதிக்க விடணும்” என்பாள்.

கரமனையில் எந்த வீட்டில் கல்யாணமானாலும் பருப்புத்தேங்காய் அவள் கைதான். வறுத்த கடலையைப் பாகில் புரட்டி, நெய் தடவிய கூம்புக் கூட்டில் சூடு ஆறுவதற்குள் அடைக்க வேண்டும். மற்றவர்கள் உள்ளங்கையை ஊதிக்கொள்வார்கள். வாலாம்பாள் ஊத மாட்டாள். ஒவ்வொரு பிடிக்கும் ஓர் இங்கிலீஷ் வார்த்தை சொல்லி அடைப்பாள். வாயில் வார்த்தை இருந்தால் கையில் சூடு தெரியாதாம். கூம்பு எப்போதும் இரண்டிரண்டாகத்தான் இறங்கும். மணமேடையில் பருப்புத்தேங்காய் ஜோடியாகத்தானே உட்காரும்? ஒற்றையாக ஒன்று செய்து கொடு என்று மகாராஜாவின் கொட்டாரத்திலிருந்தே ஆள் வந்தாலும் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

ஆள் குள்ளம், குரல் நெட்டை. சாலைக் கடைத்தெருவில் மூட்டை ஏலம் போடுகிறவன்கூட அவள் பேரம் பேச வந்தால் கொஞ்சம் தணிந்துதான் கூவுவான். பள்ளிக்கூடம் போனது கல்யாணம் ஆகிறவரைக்கும். இங்கிலீஷில் அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, கடைசியில் ஒரே மாதிரி ஒலிக்கிற வார்த்தைகள். “நம்ம எதுகை இருக்கே, அது வாசப்பக்கமே நின்னுண்டு வாங்கோ வாங்கோன்னு கூப்பிடும். இங்கிலீஷ்காரன் எதுகை கொல்லப்பக்கமா வந்து உக்காந்திண்டிருக்கும். எந்தப் பக்கமா வந்தா என்ன, விருந்தாளி விருந்தாளிதானே?”

அவளுடைய அடுக்களையில் வார்த்தைகள் குடும்பம் குடும்பமாகக் குடியிருக்கின்றன. உப்பு ஜாடியை எடுத்தால், “சால்ட். கூடிப் போனா ஃபால்ட், குத்தம். சாப்பிடறவா கை ஹால்ட், நின்னு போகும்.” இப்படிச் சமைத்ததால் அந்த வீட்டில் உப்பு ஒருநாளும் கூடியதில்லை. காக்கைக்குச் சோறு வைக்கும்போது “க்ரோ” என்று கூப்பிடுவாள். தின்று முடித்ததும் “கோ” என்பாள். ‘போ’ என்றால் அசையாத காக்கை ‘கோ’ என்றால் பறந்துவிடும். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் கரமனைக்கு வந்து அந்தக் காக்கையையே கேட்டுக்கொள்ளலாம்.

வார்த்தைகளை வரவழைக்கிற வேலை அவள் புருஷர் சாம்பசிவனுடையது. மராமத்து ஆபீசில் குமாஸ்தா. நாலு பேர் நடுவில் நின்றால் ஐந்தாவது ஆளாகத் தெரியாத சாது. சாயங்காலம் அவர் வந்து கால் கழுவியதும் வாலாம்பாள் காப்பி டம்ளரோடு நிலைப்படியில் வந்து நிற்பாள். ஆனால் நீட்ட மாட்டாள்.

“ஏன்னா, இன்னிக்கு என்ன?”

“பென்ஷன்.”

“மென்ஷன்! எடுத்துச் சொல்றது. இந்தாங்கோ.” டம்ளர் கை மாறும்.

வார்த்தை மறந்து வந்த நாட்களில் மனிதர் காப்பிக்காகப் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டும். ஒருநாள் மாசக் கடைசி. சம்பளத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் வந்தவர், “மன்த்” என்று சொல்லிவிட்டார்.

வாலாம்பாள் வாயைத் திறந்தாள். மூடினாள். காப்பி ஆறிற்று. மறுநாள் இறக்கிய கூம்பில் வெடிப்பு விட்டது. எதிர்வீட்டுக் காலேஜ் புரொபசரைப் பிடித்து ஜோடி கேட்டாள். அவர் வேட்டி தடுக்கத் தடுக்கக் கூடத்தில் மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டு, “வெறுதே என்னைப் படுத்தாதேங்கோ மாமி” என்று கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியில் அவளே தீர்மானம் பண்ணினாள்: “ஒத்தையாப் பொறந்த ஜாதியாக்கும் அது. பரண்ல கிடக்கட்டும்.” நிஜமாகவே ஒரு காலி டப்பாவுக்குள் அந்த வார்த்தையைச் சொல்லி, மூடி போட்டு, பரணில் ஏற்றினாள். ஏணியைப் பிடித்துக்கொண்டது சாம்பசிவன்.

இந்த வார்த்தைகளெல்லாம் அரங்கேறுவது கல்யாணத்து நலங்கில். பெண் மாப்பிள்ளை காலில் மஞ்சள் பூசித் தேங்காய் உருட்டி விளையாட, பெண்டுகள் கேலிப்பாட்டுப் பாடுகிற நேரம். இங்கே அதற்கு ஒரு கரமனை வழக்கம் உண்டு. வாலாம்பாள் இங்கிலீஷைப் பாடுவாள்; சுற்றி இருக்கிற மாமிகள் அர்த்தத்தைக் கூவுவார்கள்.

“ட்ரெயினேறி வந்தாராம் மாப்பிள்ளை!”
“ரயில் வண்டி!”
“ரெயினிலே நனைஞ்சாராம் மாப்பிள்ளை!”
“மழை!”
“ப்ரெயினை எங்கேயோ வெச்சுட்டாராம்!”
“மூளை! மூளை!”

கடைசி வார்த்தைக்குப் பந்தல் கிடுகிடுக்கும். இங்கிலீஷ் எழுத்தே தெரியாத மாமிகள்கூட இந்தப் பக்கத்தில் அர்த்தம் சொல்லுவது இதனால்தான். பாட்டு முடிந்ததும் போட்டி. ஒரு கட்சி ஒரு வார்த்தையைப் போட வேண்டும்; மறு கட்சி அதற்கு ஜோடி வார்த்தைகளை அர்த்தத்தோடு எடுக்க வேண்டும். எடுக்க முடியாதவர் தோற்றார். போட்ட வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொண்டாலும் தோற்றார். தோற்ற கட்சி, ஜெயித்தவர்கள் கேட்டதைக் குத்துவிளக்கு சாட்சியாகக் கொடுத்தே தீர வேண்டும். வழக்கமாகக் கேட்பது ஒரு படி சீடை, மிஞ்சிப் போனால் சம்பந்தி ஒரு பாட்டுப் பாடுவது.

வாலாம்பாளின் அண்ணா பெண் அனந்தலக்ஷ்மிக்குத் திருநெல்வேலியில் வரன் அமைந்தது. பெண் இன்டர்மீடியட் முதல் வருஷம் முடித்திருந்தாள். பாக்கி ஒரு வருஷம். பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் அப்பாவுக்கு எதிரே வாய் திறவாத பிள்ளை. அந்த அப்பா நாகேஸ்வரன், கோர்ட்டில் சிரஸ்தார், தலைமைக் குமாஸ்தா. வெற்றிலைப் பாக்கு மாற்றுகிற நாளன்றே சொல்லிவிட்டார்: “காலேஜெல்லாம் போறும். எங்காத்து நாட்டுப்பொண்ணு பொஸ்தக மூட்டையோட வந்து இறங்கறதாவது!” அண்ணா தலையை ஆட்டிவிட்டார். பெண்ணைப் பெற்றவர் வேறு எதை ஆட்டுவார்?

அனந்தம் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். வாலாம்பாள் பக்கத்தில் போனாள். தலையைத் தடவவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை.

“அழறதுக்கு இங்கிலீஷ்ல என்னடீ?”

“க்ரை, அத்தை.”

“ட்ரைனா?”

“முயற்சி.”

“பின்னே என்ன? எழுந்து மூஞ்சியை அலம்பு. நலங்கு வரட்டும்.”

கல்யாணம் வந்தது, நலங்கும் வந்தது. ஆண்கள் அந்தப் பக்கம் சீட்டாடப் போய்விட, நாகேஸ்வரன் மட்டும் தம் பெண்டாட்டி சூடாமணிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இங்கிலீஷ் என்ற சத்தம் கேட்டால் மனிதருக்குக் கால் நகராது. பாட்டுக்குப் பாட்டு உச்சுக் கொட்டினார். “இந்த ஊர்த் தமிழே பாதி விளங்கல. இதுல இங்கிலீஷ் வேறயா?”

வாலாம்பாள் சட்டென்று திரும்பினாள். “மாமா, நீங்களே எங்களுக்கு ஒண்ணு போடுங்கோளேன். ஜெயிச்சா என்ன வேணும்?”

“நான் ஜெயிச்சா இந்த இங்கிலீஷ் கச்சேரி இன்னியோட நிக்கணும். இனிமே எந்தக் கல்யாணத்திலயும் கூடாது.”

“நின்னுடும். நான் ஜெயிச்சா அனந்தம் பாக்கிப் படிப்பை இங்கேயே முடிச்சிட்டுத்தான் உங்காத்துக்கு வருவள். சரிதானே?”

பந்தலில் விசிறிகள் நின்றன. அந்தப் பக்கத்திலிருந்து அண்ணா சீட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். தங்கையின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நாகேஸ்வரன் சிரித்தார். ஜட்ஜிக்கே தீர்ப்பைப் படித்துக் காட்டுகிறவர் ஒரு பருப்புத்தேங்காய் மாமிக்குப் பயப்படுவாரா? “அப்படியே ஆகட்டும்” என்றார். சொன்னபோது குத்துவிளக்கு ஒரு சுற்றுப் பெரிதாக எரிந்தது; அதற்கு நான் ஜவாப்தாரி.

“லைட்!” என்று போட்டார்.

“வெளிச்சம். நைட்னா ராத்திரி, ரைட்னா சரி, கைட்னா காத்தாடி, பைட்னா கடிக்கறது. கிட்ட வராதேங்கோ!”

“ஸ்டோன்!”

“கல்லு. போன்னா எலும்பு, டோன்னா த்வனி, த்ரோன்னா சிம்மாசனம். நீங்க உக்காந்திருக்கேளே, அது!”

மாமிகள் சிரித்த சிரிப்பில் நாகேஸ்வரன் நாற்காலியை விட்டு எழுந்தார். மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடித் திறந்தார். “மன்த்” என்றார்.

“மாசம்!” என்று மாமிகள் பழக்கத்தில் கூவினார்கள். அதோடு பந்தல் அடங்கிவிட்டது. பாயில் அனந்தத்தின் கையில் இருந்த தேங்காய் உருளாமல் நின்றது. 

“என்ன மாமி, பாகு இறுகிப் போச்சோ?” என்றார் நாகேஸ்வரன்.

வாலாம்பாள் அவரைப் பார்க்கவே இல்லை. முன்னால் இருந்த சூடாமணியைப் பார்த்தாள். நிதானமாகக் கேட்டாள்.

“சூடாமணி மாமி, உங்க ஊர்ல மணையில பருப்புத்தேங்காய் ஒத்தையா வெப்பேளோ?”

“சிவ சிவா! ஜோடியான்னா வெப்போம்? ஒத்தையா வெச்சா விளங்குமா?”

“பின்னே மாமா பண்ணியிருக்கறதைப் பாத்தேளா? சின்னஞ்சிறுசுகள் ஜோடியா உக்காந்திருக்கற பாயில, ஜோடியே இல்லாத வார்த்தையைக் கொண்டுவந்து வெச்சிருக்காரே! இங்கிலீஷ்ல அதுக்குத் துணை கிடையாது, ஒத்தை மரமாக்கும். நான் சொல்றது பொய்னா அவரே அதுக்கு ஒரு ஜோடியைக் கொண்டுவந்து நிறுத்தட்டும், நான் இப்பவே தோத்துப் போறேன்.”

எல்லாத் தலைகளும் நாகேஸ்வரன் பக்கம் திரும்பின. மனிதர் வாயைத் திறந்தார். மூடினார். அந்த முழியை வாலாம்பாள் அடையாளம் கண்டுகொண்டாள். அது தன் வீட்டு நிலைப்படியில் காப்பி ஆறின அன்றைக்குத் தான் முழித்த அதே முழி.

“ஏன்னா!” என்று சூடாமணி எழுந்துவிட்டாள். “நாளும் கிழமையுமா மங்களமா ஒரு வார்த்தை அகப்படலையா உங்களுக்கு? நம்ம புள்ளை உக்காந்திருக்கான் அங்கே! திருப்பி எடுத்துக்கோங்கோ! இப்பவே!”

“அடியே, எடுத்தா நான் தோத்தவன்னு ஆயிடும்டீ.”

“ஆனா ஆறது! எடுக்கறேளா, நான் பிள்ளையைப் பாயிலேருந்து எழுப்பட்டுமா?”

நாகேஸ்வரன் விளக்கைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். “எடுத்துண்டுட்டேன்” என்றார். அனந்தத்தின் தேங்காய் உருண்ட வேகத்தில் மாப்பிள்ளை காலை மடக்கிக்கொண்டார். சொன்ன சொல்லுக்கு நாகேஸ்வரன் கட்டுப்பட்டவர். கல்யாணம் முடிந்து திருநெல்வேலிக்காரர்கள் ரயிலேறினார்கள். அனந்தம் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கரமனைப் பாலத்தைத் தாண்டிக் காலேஜுக்குப் போனாள்.

அந்த வார்த்தைக்கு உண்மையில் ஜோடி உண்டா இல்லையா என்று வாலாம்பாளுக்கு இன்றுவரை நிச்சயமில்லை. கேட்டால், “அன்னிக்கு அந்தப் பந்தல்ல இருக்கலை. அது போறாதோ?” என்கிறாள்.

போன வாரம் பரீட்சை முடிவு வந்தது. நாட்டுப்பெண்ணை அழைத்துப் போக நாகேஸ்வரனே வந்தார். கூட அனுப்புவதற்காகக் கடைசி ஜோடிப் பருப்புத்தேங்காய்க்கு அடுப்பில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. அடுக்களை வாசலில் மணை போட்டு அவரை உட்காரவைத்தார்கள். வாலாம்பாள் காப்பி டம்ளரோடு எதிரே வந்து நின்றாள். நீட்டவில்லை. கூடத்திலிருந்து சாம்பசிவன், தம்மைப் போல இன்னொரு ஜீவன் மாட்டிக்கொண்டதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகேஸ்வரன் தொண்டையைக் கனைத்தார். திருநெல்வேலியிலிருந்தே தயார் பண்ணிக்கொண்டு வந்திருப்பார் போலிருக்கிறது.

“பாஸ்” என்றார். “தேறினது.” அவள் வாய் திறப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்தார். “இருங்கோ. ஜோடியையும் நானே கொண்டுவந்திருக்கேன். க்ளாஸ். அனந்தலக்ஷ்மி, ஃபர்ஸ்ட் க்ளாஸ்.”

வாலாம்பாள் டம்ளரை அடுப்படியில் வைத்தாள். உருளியிலிருந்து ஒரு சொட்டுப் பாகைக் கிண்ணத்து ஜலத்தில் விட்டாள். இரண்டு விரலால் உருட்டினாள். அவர் காதுக்கு நேரே தட்டைப் பிடித்து அதன்மேல் போட்டாள். டங். டம்ளரை எடுத்து நீட்டினாள்.