தொல்லை தராத வாடகைக்காரர்

அரியரத்தினத்தைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. கொழும்பில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்த காலத்திலும் சரி, மெல்பேர்னில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் ஒரு கொம்பனியில் அதே வேலையைப் பார்த்த காலத்திலும் சரி, ஒரு கோடு மயிரிழை பிசகினாலும் பென்சிலை வைத்துவிட்டு மேலதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றுவிடுவார். கூட வேலை செய்தவர்கள் அவர் எழுந்தாலே யாருக்கோ கஷ்டகாலம் என்று சிரிப்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் தன் வீட்டு ஹீட்டருக்காக மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த வீடு கிடைத்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எழுபத்தைந்தாம் ஆண்டு தொடக்கத்தில் அவரும் மனைவி ரஞ்சினியும் நண்பர் ஜெயரட்ணத்தின் வீட்டில் ஒரு அறையில் ஒதுங்கியிருந்தார்கள். பேப்பரில் விளம்பரம் பார்த்து போன் எடுத்தால் வீடு காலியாக இருக்கும். கோட்டும் டையுமாக நேரில் போய் நின்றால், இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார் என்பார்கள். இப்படிப் பல வாசல்களில் அசடு வழிந்துவிட்டுத் திரும்பிய பிறகு, மெல்பேர்னின் கோபர்க் பகுதியில் மிஸிஸ் டொய்ல் என்ற விதவைக் கிழவி அவரை மேலும் கீழும் பார்த்தாள், குடிப்பாயா என்று ஒரு கேள்வி கேட்டாள், சாவியைக் கையில் கொடுத்துவிட்டாள். அரியரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

சாமான்களை ஏற்ற வந்த ஜெயரட்ணம் புத்தி சொன்னார். "மச்சான், வீடு கிடைச்சது பெரிசில்லை. முறைப்பாடு சொல்லுற ஆக்கள் எண்டு ஒருக்காப் பேர் எடுத்தியெண்டால், பிறகு வாற எங்கட சனத்துக்கும் கதவு சாத்தினதுதான்." அரியரத்தினம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். குழாய் ஒழுகினால் தானே றப்பர் மாற்றினார். சன்னல் கொக்கி உடைந்தபோது கம்பியால் கட்டினார். ஏதாவது பழுதென்றால் உடனே சொல்லுங்கள், வைத்துக்கொண்டிராதீர்கள் என்று மிஸிஸ் டொய்ல் முதல் நாளே சொல்லியிருந்தாள். அதை அவர் உபசாரம் என்று நினைத்தார். நம்மவர்கள், ஏதும் தேவையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கோ என்று வாசலில் நின்று சொல்வதில்லையா? அதற்காக உண்மையிலேயே கேட்டு விடுவோமா? நல்ல மனிதன் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. அப்படித்தான் அவர் வளர்ந்திருந்தார்.

உட்காரும் முன் அறைச் சுவரில் பதித்திருந்தது அந்தக் காஸ் ஹீட்டர். அதன் புகையைக் கொண்டுபோகும் தகரக் குழாய் சுவருக்குள்ளால் ஏறிக் கூரைக்கு மேலே தலை நீட்டியிருக்கும். மே மாதம் குளிர் பிடித்ததும் ரஞ்சினி பகல் முழுக்க அதற்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். அவளுக்கு அப்போது நாலாம் மாதம். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு தங்கியது. அந்தப் பிள்ளைக்காகத்தான் அரியரத்தினம் வீட்டுக்குள் காற்றுப் புகாமல் பார்த்துக்கொண்டார். சுவரின் மேற்பக்கத்தில் இருந்த காற்றுத் துவாரங்களைப் பழைய பேப்பரால் அடைத்து, மேலே டேப் ஒட்டினார். கதவின் கீழே பழைய சேலையைச் சுருட்டி வைத்தார். குளிருக்கு வீடு கட்டத் தெரியாத சனம், சுவரில் ஓட்டை விட்டு வைத்திருக்கிறது என்று ஏளனமும் செய்தார். படம் வரைகிற மனிதர், அந்த ஓட்டை எதற்கு என்று தன்னை ஒரு தரம் கேட்டிருக்கலாம்.

ஜூன் மாதத்தில் ரஞ்சினிதான் முதலில் கவனித்தாள். முந்தி நீலமாக எரிந்த நெருப்பு இப்போது மஞ்சளாக எரிகிறது, அறையில் ஒரு கருகல் மணம் வருகிறது, ஹீட்டருக்கு மேலே சுவரில் கரி படிகிறது என்றாள். மஞ்சள் மங்களம்தானே என்று அரியரத்தினம் பகிடி விட்டார். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்காரிக்கு ஒருக்கால் போன் எடுத்துச் சொன்னால் என்ன என்று கேட்டாள்.

"எரியுதுதானே. எரியாட்டிச் சொல்லுவம்," என்றார் அவர். "போன கிழமைதான் அந்த மனிசி உங்களைப்போல ஆக்கள் கிடைச்சது அதிர்ஷ்டம் எண்டு சொன்னவ. அதுக்குள்ள போய் ஹீட்டர் சரியில்லை எண்டு நிக்கிறதே? நீர் சும்மா இரும், ரஞ்சி. குளிர் முடிய நானே கழட்டிப் பாக்கிறன்."

அதற்குப் பிறகு அவளுக்குத் தலையிடி தொடங்கியது. பனி தலைக்குள் இறங்கிவிட்டது என்றார் அரியரத்தினம். அவள் காதை மப்ளரால் சுற்றிக் கட்டினார், நெற்றியில் தைலம் தடவினார், கதிரையை இன்னும் ஹீட்டருக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். சட்டியில் வெந்நீர் வைத்து, போர்வையால் மூடி, அந்த அறையிலேயே ஆவி பிடிக்கச் செய்தார். வாந்தி வந்தபோது பிள்ளைத்தாய்ச்சிக்கு வராதா என்றார். அவருக்கும் மாலையில் தலை கனத்தது. கண்ணில்தான் கோளாறு என்று அந்த வாரமே போய்க் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். அதில் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை.

ஒரு நாள் ரஞ்சினி, வெளியே கடைத்தெருவுக்குப் போனால் தலையிடி இல்லை, வீட்டுக்குள் வந்தால்தான் இடிக்கிறது என்றாள். கடைக்குப் போக நல்ல சாட்டுக் கண்டுபிடித்திருக்கிறீர் என்று அவர் கேலி செய்தார். அவர் வாழ்நாளில் சொன்ன எத்தனையோ சொற்களில் திரும்ப எடுக்க முடிந்தால் முதலில் எடுக்க விரும்பியது இதைத்தான். அவள் சரியான இடத்தை விரலால் தொட்டுக் காட்டியிருந்தாள். அவர் அந்த விரலைப் பார்த்துச் சிரித்திருந்தார்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ஓவர்டைம் முடித்துப் பின்னேரம் வீட்டுக்கு வந்தார். சன்னல் கண்ணாடிகளிலெல்லாம் நீர் வழிந்தது. ரஞ்சினி கதிரைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். முகம் சிவந்திருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்கு ஓடி வந்து போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு இத்தாலிக்காரர் வேலி பாய்ந்து வந்தார். அம்புலன்ஸ் வரும்வரை அவர்தான் அவளைத் தன் கோட்டால் போர்த்திக்கொண்டு இருந்தார். அரியரத்தினம் அவள் காதில் மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார், பனி படக்கூடாதாம்.

ஆசுபத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் என்ன ஹீட்டர் என்பதுதான். ரஞ்சினி பிழைத்தாள். வயிற்றில் இருந்த பிள்ளை பிழைக்கவில்லை. தாய் தாங்கிக்கொள்ளும் நஞ்சுப் புகையை அந்தச் சின்ன உடம்பு தாங்காது என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். பெண் பிள்ளை. அரியரத்தினம் வராந்தாவில் சுவரோடு நின்று வாய்விட்டு அழுதார். ஒரு தாதி வந்து அவரை உட்காரச் சொன்னாள். அந்த நேரத்திலும் பரவாயில்லை, தொந்தரவு வேண்டாம் என்றுதான் அவர் வாயில் வந்தது.

மறுநாள் மிஸிஸ் டொய்ல் பூங்கொத்தோடு வந்தாள். விஷயம் தெரிந்த உடனேயே ஆள் பிடித்து ஹீட்டரைப் பார்க்க வைத்திருந்தாள். கூரைக்கு மேலே குழாய் வாயில் பறவை கூடு கட்டியிருந்ததாம். போக வழியில்லாத புகை வீட்டுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. காற்றுத் துவாரத்தையும் அடைத்திருந்ததால் அது அங்கேயே தங்கிவிட்டது. கூட்டை எடுக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டு அந்தக் கிழவி அழுதாள். உங்களுக்குத் தொல்லை தரக்கூடாது என்று நினைத்தோம் என்றார் அரியரத்தினம். அவள் அவரை விளங்காமல் பார்த்தாள். கோபித்திருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ரஞ்சினி வீட்டுக்கு வந்தபோது துவாரங்கள் எல்லாம் திறந்திருந்தன. ஹீட்டர் நீலமாக எரிந்தது. அவள் அதற்குக் கிட்டப் போகவில்லை. அறையின் மறு மூலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது, போர்வை கொண்டுவருவது, அவள் எழுந்தால் தானும் எழுவது என்று அரியரத்தினம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசினால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தார். அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை.

ஆவணிச் சதுர்த்தியன்று விளக்கேற்றிவிட்டு வந்து இருந்தவள், அவரை நேராகப் பார்த்தாள்.

"நான் முதல் மணக்குது எண்டு சொன்ன அண்டைக்கு நீங்கள் போன் எடுத்திருந்தால், அந்த மனிசி என்ன சொல்லியிருப்பா?"

அரியரத்தினம் யோசித்தார். பொய் சொல்ல ஆசையாக இருந்தது. அவ ஏசியிருப்பா, வீட்டை விடச் சொல்லியிருப்பா என்று ஏதாவது ஒன்று. ஆனால் மிஸிஸ் டொய்லை இப்போது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஆள் அனுப்புறன் எண்டு சொல்லியிருப்பா."

"வேற?"

"வேற ஒண்டும் சொல்லியிருக்க மாட்டா, ரஞ்சி."

அவள், ஓம், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, பாதி குடித்த தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.