கடைமடைத் தூர்

இனிக்க இனிக்கப் பேசுகிறவரைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாம் எங்கள் வாய்க்காலால் வந்தது.

அணைத் தண்ணீர் திறக்குமுன் ஊரே இறங்கித் தூர் எடுப்போம். வாய் கூசாமல் திட்டுகிற ஒரு பெரியவர்தான் முன்னால் நிற்பார். "ஏலே, மம்பட்டி என்ன கழுத்துல போடுற மாலையா?" என்பார். ஆனால் வேலையை வாய்க்கால் முடிகிற கடைமடையில்தான் தொடங்குவார். முதலில் தண்ணீர் பாயும் தலைமடைக்குக் கடைசியில்தான் முறை. அதனால் தலைமடைக்காரர்களும் முடியும்வரை வந்தே தீரவேண்டும்.

திட்டுப் பொறுக்காமல் ஒரு வருசம் ஊர் ஆளை மாற்றியது. புதியவர் யாரையும் அதட்டமாட்டார். எல்லாரையும் உட்காரவைத்து, "எங்கன ஆரம்பிக்கலாம்? நீங்களே சொல்லுங்க" என்றார். தலைமடையில் ஆள் அதிகம். அவர்கள் தங்கள் பக்கத்தையே சொன்னார்கள். கடைமடைக்காரர்கள் நாங்கள் கத்தியது கூச்சலில் போயிற்று. "நெறையப் பேரு சொல்றாகள்ல" என்று சிரித்தார்.

தங்கள் வயலோரம் தூர் எடுத்ததும் தலைமடைக்காரர்கள் மம்பட்டியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் வந்தது. அங்கே நடவு நடந்தது. மிச்சத் தண்ணீர் எங்கள் பக்கத்து மண்மேட்டில் முட்டி, ஓடையில் வழிந்து வீணாய்ப் போனது. அப்பா போனபின் ஆத்தாவுக்கும் எனக்கும் அந்தத் துண்டு நிலம்தான் சோறு. கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நாற்று வளர்த்திருந்தோம். கிணறும் வற்றிவிட்டது.

போய் முறையிட்டோம். அந்த மகராசன் என்ன செய்தார்? மறுபடியும் கூட்டம் போட்டார்! "ஆளுக்கொரு யோசனை சொல்லுங்க." நாற்று காய்கிறது, இவருக்கு யோசனை வேண்டுமாம். பேசிப் பேசிக் கலைந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஆத்தா கருகிய நாற்றில் ஒரு பிடி பிடுங்கி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எல்லார்ட்டயும் கேட்டீக. இதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருங்கண்ணே."

பழைய பெரியவர்தான் எழுந்தார். "எந்திரிங்கடா! சோத்தத்தான திங்கிறீக?" அந்த வசவு அன்று எனக்குத் தேனாக இருந்தது. ஊரே இறங்கியது, தண்ணீரும் வந்தது. நடுவதற்குத்தான் நாற்றில்லை.

மறுவருசம் புதியவர் யாரையும் கேட்கவில்லை. மம்பட்டியோடு கடைமடைக்கு முதல் ஆளாக வந்து நின்றார். பழகிக்கொண்டார் என்று ஊர் மெச்சியது. அவர் பழகுவதற்கு எங்கள் நிலம் ஒரு போகம் தரிசாய்க் கிடந்ததே, அதை யார் கேட்டார்கள்?