பஜார் எதுவரைக்கும்?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். விருதுநகர் பஜாரில் நைட்டியும் பாவாடையும் பள்ளிக்கூட யூனிபார்மும் விற்கிறவளுக்கு அது இல்லாமல் முடியாது. இல்லையென்றால் பேரம் பேச வருகிறவர்கள் கடையையே தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் சங்கம் ஆரம்பித்த அன்றைக்கு வந்த கோபம் வேறு ரகம்.

என் கடை தெருவின் கடைசி, அதுவும் பள்ளத்தில். ஐப்பசி மழை அடித்தால் தெருத் தண்ணீர் பூராவும் நேராக என் கடைக்குத்தான் விருந்துக்கு வரும். வருகிற நேரத்தையாவது பார்த்து வருமா? தீபாவளிக்கு முந்தின வாரம்தான் வரும். பட்டாசுக் கம்பெனியில் போனஸ் வாங்கின கையோடு அச்சங்குளம் பக்கத்துப் பெண்களெல்லாம் பஸ் பிடித்துத் துணி எடுக்க வருகிற வாரம் அது. அந்த வியாபாரத்தில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. போன மழையில் கீழ்த்தட்டுச் சரக்கு முழுக்கச் சேறாகிவிட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் கடையை மூடிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

இந்த லட்சணத்தில்தான் நகராட்சியிலிருந்து ஒரு என்ஜினீயர் வந்தார். கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பஜார் மேம்பாட்டுச் சங்கம் என்று ஒன்று வைத்துக்கொண்டால், மழைத் தண்ணீர் ஓட மூடி போட்ட வாறுகாலும் நடைபாதையும் விளக்கும் நாங்கள் போட்டுத் தருகிறோம், பராமரிப்புச் செலவை மட்டும் நீங்கள் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள் என்றார். அடேயப்பா, வாறுகால்! எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது.

கூட்டம் வத்தல் மொத்த வியாபாரம் பார்க்கிற அண்ணாச்சியின் கடை மாடியில் நடந்தது. அவர்தான் தலைவர். கீழே மிளகாய் மூட்டை அடுக்கியிருந்த நெடியில் என்ஜினீயர் பாவம், தும்மித் தும்மிப் பேசினார். உள்ளூர்க்காரர்கள் நாங்கள் யாரும் அசையவில்லை.

"ஒங்க பஜாரோட எல்லை எது? எதுவரைக்கும் வேலை பாக்கணும்?" என்று கேட்டார் என்ஜினீயர்.

"இதென்ன கேள்வி சார்? பங்குனிப் பொங்கலுக்கு சீரியல் லைட்டு எதுவரைக்கும் கட்டுறோமோ, அதுவரைக்கும் பஜார்தான்" என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்.

எனக்குப் பக்கென்றது. அந்த லைட்டு எனக்கு முந்தின பாத்திரக்கடையோடு நின்றுவிடும். நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். அம்மன் கோயில் பொங்கலுக்கு வசூலுக்கு வருகிறவர்கள் பாத்திரக்கடையில் வாங்கிக்கொண்டு, என் வாசலில், "யக்கா, சாப்பிட்டீகளா?" என்று சிரித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். வசூல் முடிகிற இடத்தில் லைட்டும் முடியும். இப்போது வாறுகாலும் அங்கேயே முடியப் போகிறது. பிறகு அத்தனை தண்ணீரும் இன்னும் வேகமாக என் கடைக்குள் பாயும்.

எழுந்துவிட்டேன். "அண்ணாச்சி, தண்ணி என்ன, வேதக்காரக் கடைன்னு பாத்து வெளிய நிக்குதா?"

அவர் ஆடிப்போனார். "தங்கச்சி, ஒங்க மனசு நோகக் கூடாதுன்னுதான கேக்காம விட்டோம்? சாமி காரியம். குடுக்கவும் முடியாம, இல்லைன்னு சொல்லவும் முடியாம நீங்க சங்கடப்படக் கூடாதுல்ல?"

"சங்கடமா இருந்தா சொல்லியிருப்பேன்ல? எனக்கு வாய் இல்லையா?"

"யக்காவுக்கு வாய் இல்லைன்னு எவன் சொன்னான்?" என்றார் பாத்திரக்கடைக்காரர். கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்து தொலைத்தது. "ரோட்டுக்கு வெளிச்சம் போடத்தான கேக்குறீக? கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கேக்காமயே விட்டுட்டு, இப்ப நான் பஜார்லயே இல்லைன்னா எப்படி? இம்புட்டு வருசமா நான் எங்கன கடை வச்சிருக்கேன், காட்டுக்குள்ளயா?"

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுதிக்கிடுங்க சார். தங்கச்சி கடையையும் சேத்துத்தான் பஜார்." என்ஜினீயர் ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவே வரைபடத்தில் எல்லைக் கோட்டை இழுத்து என் கடையை உள்ளே போட்டார்.

சங்கம் பிறந்துவிட்டது. ஆனால் வாறுகாலுக்கு டெண்டர் விடுவதற்குள் மழை முந்திக்கொண்டது. ஒரு நாள் காலையில் கடை திறந்த கையோடு பிடித்துக்கொண்டது. தண்ணீர் முதல் படியைத் தொட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. முந்தின நாள்தான் வந்து இறங்கின தீபாவளிச் சரக்கு அம்புட்டும் தரையில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அப்போதுதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி தண்ணீருக்குள் வந்தார். பின்னால் பாத்திரக்கடைக்காரர் வந்தார். வத்தல் கடைச் சுமைக்காரர்கள் மணல் அடைத்த சாக்குகளைத் தூக்கி வந்து வாசலில் அணை கட்டினார்கள். பெரிய மனிதர்கள் எல்லாரும் என் நைட்டிக் கட்டுகளையும் பாவாடைக் கட்டுகளையும் தலையில் வைத்துக் கடை மாடிக்கு ஏற்றினார்கள். சைஸைக் கலந்துவிடாதீர்கள் என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். ஒரு துணி நனையவில்லை.

நெஞ்சு நிறைந்துபோயிருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? மழை கொஞ்சம் விட்டதும், "இம்புட்டு வருசமா நான் ஒத்தையில கெடந்து தண்ணி எறச்சேனே, அப்பல்லாம் ஏன் அண்ணாச்சி வரல?" என்று கேட்டேவிட்டேன்.

தலையில் கட்டோடு அவர் நெளிந்தார். "இல்ல தங்கச்சி... பொம்பளைத் துணிக்கடை. ஆம்பளைக வந்து தொட்டுத் தூக்குனா ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமோன்னு..."

எனக்கு வந்த கோபத்தில் அவர் தலையில் இன்னொரு கட்டைத் தூக்கி வைத்தேன்.