தலைவர் லாத்ராப் வரவழைத்த கல்

தான் செத்த பிறகு ஊர் தன்னைப் பற்றி என்ன சொல்லும் என்ற கவலை ஜாபெஸ் லாத்ராப்புக்கு நாற்பத்தெட்டாவது வயதில் வந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. காலையில் பீன்ஸும் பன்றிக்கறியும் மத்தியானம் மறுபடியும் பீன்ஸும் பன்றிக்கறியும் சாப்பிட்டு ஜீரணிக்கிற உடம்புதான். எதிர்வீட்டுக் கப்பல்காரர் இறந்து போனதுதான் காரணம். அவருக்கு உள்ளூர்க் கல்தச்சன் கறுப்புப் பலகைக்கல்லில் சிறகு முளைத்த மண்டையோடு ஒன்றைச் செதுக்கி நட்டான். எங்கள் மாசச்சூசெட்ஸ் கரையோரத்தில் எல்லாக் கல்லறையிலும் இருக்கிற மண்டையோடுதான். ஆனால் எங்கள் ஊர்த் தச்சன் கையில் அது காது வைத்த முட்டைக்கோஸ் போல வரும்.

“எனக்கும் இதே முட்டைக்கோஸ்தானா?” என்று லாத்ராப் அன்றைக்கே மனைவியிடம் கேட்டார்.

“செத்தப்புறம் எந்தக் காய் நட்டா என்னங்க?” என்றாள் மெஹிட்டபெல். அவள் அப்படித்தான் பேசுவாள்.

லாத்ராப் பீப்பாய் செய்கிறவரின் மகன். அப்பா செய்த பீப்பாயில் கருவாட்டை அடைத்து விற்க ஆரம்பித்து, பிறகு மற்றவர்களின் கருவாட்டையும் வாங்கி விற்று, முப்பது வயதில் சொந்தமாகக் கிட்டங்கியும் அரைக்கப்பலும் வைத்துக்கொண்டார். மீதி அரைக்கப்பல் மச்சானுடையது. நல்ல காட் மீன் ஸ்பெயினுக்குப் போகும். உடைந்தது, புழுத்தது, நாறிப்போனதெல்லாம் பார்படோஸ் தீவுக்குப் போகும். அங்கே கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு அதுதான் உணவு. அந்தக் கருவாட்டைக் கட்டச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் ஊர்க்கூட்டத்துக்குப் போய், “இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு நாம் என்ன அடிமைகளா?” என்று மேசையைத் தட்டுவார். கைதட்டல் காதைப் பிளக்கும். தட்டியவர்களில் பாதிப்பேர் பார்படோஸுக்கு மீன் அனுப்புகிறவர்கள்.

அப்படித் தட்டித்தான் அவருக்குத் தலைவர் பதவி கிடைத்தது. காகிதம், கண்ணாடி, சாயம், தேயிலை என்று பாராளுமன்றம் வரி போட்டதும், வரி நீங்கும்வரை இங்கிலாந்துச் சரக்கை வரவழைப்பதில்லை என்று எங்கள் ஊர் வியாபாரிகள் ஒப்பந்தம் எழுதினார்கள். உப்பு, நிலக்கரி, தூண்டில் முள், மாவு அரைக்கிற ஆலைக்கல் என்று சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. முதல் கையெழுத்து லாத்ராப்புடையது, மற்றவர்களுடையதைவிட மூன்று மடங்கு பெரியது. ஒப்பந்தம் நடக்கிறதா என்று பார்க்க ஏழு பேர் கொண்ட கண்காணிப்புக் குழு அமைந்தது. அதற்கு அவரே தலைவர். நகர மன்றத்து மாடியில், கை வைத்த ஓக் மர நாற்காலி ஒன்று அவருக்கு மட்டும். மற்ற ஆறு பேருக்கும் முக்காலி.

அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள்முதல் அவர் நடையே மாறிவிட்டது. கப்பல் வந்தால் போய் நின்று பெட்டிகளைத் திறக்கச் சொல்வார். யார்மேல் சந்தேகம் வந்தாலும் அவர் தன் கடித நகல் புத்தகத்தைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதி செய்ததும் அவர்தான். வியாபாரி அனுப்புகிற ஒவ்வொரு கடிதமும் வார்த்தை பிசகாமல் அந்தப் புத்தகத்தில் ஏறியிருக்கும். மனைவியிடம் சொல்லாததுகூட அதில் இருக்கும். விதவை ஒருத்தி இரண்டு முழம் ரிப்பன் வரவழைத்ததைக் கண்டுபிடித்து, அவள் பெயரை “நாட்டின் பகைவர்” என்று பத்திரிகையில் போடவைத்தார். அவளோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது, உட்கார்ந்து பேசவும் கூடாது என்பது அறிவிப்பு. கீழே பெரிய கையெழுத்து.

இத்தனைக்கும் நடுவில் அந்த முட்டைக்கோஸ் அவர் மனதைவிட்டுப் போகவில்லை. 1769 பிப்ரவரியில் தன் கணக்குப்பிள்ளை சைலஸ் டாடைக் கூப்பிட்டு, லண்டன் தரகருக்கு ஒரு கடிதம் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு கல்லறைக் கல் வேண்டும். மேலே அழுகிற தேவதை. இறந்த தேதிக்கு இடம் விட வேண்டும். பெட்டியில் தன் அடையாளக்குறி கூடாது, வெறும் சிலுவைக்குறி போதும். கடிதத்திலும் தன் கையெழுத்து கூடாது, கணக்குப்பிள்ளை போட்டால் போதும். சரக்குச் சீட்டில் ஆலைக்கல் என்று எழுத வேண்டும். கல்லில் செதுக்க வேண்டிய வாசகத்தை மூன்று நாள் உட்கார்ந்து தானே இயற்றியிருந்தார்.

டாட் பதினெட்டு வருடமாக எழுதுகிறவன். எதையும் கேட்க மாட்டான். அன்றைக்கு ஒன்றே ஒன்று கேட்டான்.

“வழக்கம்போல மூணு கப்பல்ல அனுப்பிடலாங்களா ஐயா?”

“பின்ன? ஒண்ணு முழுகினா?”

கடலை நம்பாதவர்கள் எங்கள் வியாபாரிகள். ஒரே கடிதத்தை மூன்று தாளில் எழுதி மூன்று கப்பலில் அனுப்புவார்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மட்டும், “இன்ன தேதியில் இன்ன கேப்டன் கையில் கொடுத்தனுப்பியதன் நகல்” என்று தலைப்பில் இரண்டு வரி இருக்கும்.

“இங்கிலீஷ் காகிதம் தீரப்போவுதுங்க. புதுசு வாங்கக் கூடாதுன்னு நீங்களே...”

“அப்ப அந்த ரெண்டு வரியை விட்டுடு. தேதியும் வேண்டாம். நாட்டுக்காக நாம இந்தச் சிக்கனம்கூடப் பண்ணலைன்னா எப்படி?”

டாட் விட்டுவிட்டான்.

செப்டம்பர் மாதம் கேப்டன் நிக்கர்சனின் கப்பல் லண்டனிலிருந்து வந்து சேர்ந்தது. துறையில் நல்ல கூட்டம். லாத்ராப் முன்னால் நிற்க, குழுவில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த செருப்புத் தைக்கிற ஏமோஸ் ஃப்ரிங்க் பக்கத்தில் நின்றார். ஃப்ரிங்குக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. பாதிக் கப்பல்கூடக் கிடையாது. அதனால் ஒப்பந்தத்தை உண்மையாகவே கடைப்பிடித்தவர்.

உப்பு மூட்டைகளுக்குப் பிறகு மூன்று பெரிய மரப்பெட்டிகளை மாலுமிகள் பாரந்தூக்கியில் கட்டி இறக்கினார்கள். முதல் பெட்டியில் ஒரு சிலுவைக்குறி. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் மூன்று.

“இது ஆலைக்கல்,” என்று லாத்ராப் முதல் பெட்டியைக் கைத்தடியால் தட்டினார். “விலக்கு உள்ள சரக்கு. என் கிட்டங்கிக்குப் போகட்டும்.”

“மத்த ரெண்டு?” என்றார் ஃப்ரிங்க்.

லாத்ராப்புக்கு மற்ற இரண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. எவனோ தன் பெட்டி மாதிரியே செய்து, ஆலைக்கல் என்று பெயர்கொடுத்துத் திருட்டுத்தனமாகத் தேயிலை கொண்டுவருகிறான் என்றுதான் அவர் நினைத்தார். ஒரே கப்பலில் இரண்டு அயோக்கியர்கள் இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

“மூணு பெட்டியும் ஆலைக்கல்லா? ஊர்ல இருக்கிறது ஒரே ஆலை. யார் காதுல பூ சுத்தறாங்க? உடைங்க!”

“முதலாளி, வேண்டாம்,” என்றார் நிக்கர்சன் மெல்ல. “வழியெல்லாம் என் ஆளுங்க அந்தப் பெட்டிகிட்ட படுக்கவே பயந்தாங்க. எடுத்துட்டுப் போயிடுங்க, புண்ணியமாப் போகும்.”

“கேட்டீங்களா? கேப்டனுக்கும் இதுல பங்கு இருக்கு. உடைங்கன்னா உடைங்க!”

கடப்பாரை போட்டார்கள். வைக்கோலை விலக்கினார்கள். அழுகிற தேவதை ஒன்று வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தது. அதன் கீழே இருந்ததை ஃப்ரிங்க் உரக்கப் படித்தார். பைபிள் படித்துப் பழகிய குரல்.

“‘இங்கே உறங்குகிறார் ஜாபெஸ் லாத்ராப். தாய்நாட்டின் பொருட்டு அந்நியப் பொருள் அனைத்தையும் துறந்தவர்.’”

 பின்வரிசையில் ஒரு பெண், “நிக்கிறாரே, உறங்கலையே,” என்றாள். ரிப்பன் வாங்கிய விதவைதான் அது.

அடுத்த பெட்டியிலும் அதே தேவதை, அதே வாசகம். ஒரு சிலுவைக்குறிப் பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் திறந்தார்கள்.

நிக்கர்சன் தலையைச் சொறிந்துகொண்டு தரகரின் கடிதத்தை நீட்டினார். ஒரே பெயரில் மூன்று கல் கேட்டு மூன்று கப்பலில் மூன்று கடிதம் வந்ததால், தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையும் ஒரே நோயில் போய்விட்டதாகத் தரகர் முடிவுகட்டியிருந்தார். ஆழ்ந்த இரங்கல் தெரிவித்து, மிச்சம் இருக்கிற வாரிசு யார் என்று விசாரித்திருந்தார். ஒருவருக்கு ஒன்று என்று பெட்டிகளில் குறியும் போட்டிருந்தார்.

“லண்டன்ல ஒரு சிநேகிதர்,” என்றார் லாத்ராப். முகம் சலவைக்கல்லுக்கு இணையாக வெளுத்திருந்தது. “அன்பளிப்பா அனுப்பியிருக்கார். நான் கேக்கவே இல்லை.”

“அப்படின்னா நகல் புத்தகத்துல ஒண்ணும் இருக்காது,” என்றார் ஃப்ரிங்க். “நாளைக்குக் காலையில கொண்டாந்துடுங்க தலைவரே. உங்க விதிதானே.”

அன்று மத்தியானச் சாப்பாட்டு மேசையில் நகல் புத்தகம் திறந்து கிடந்தது. லாத்ராப் கத்தியை எடுத்தார்.

“அந்தப் பக்கத்தை மட்டும் அறுத்துடறேன்.”

“அறுங்க,” என்றாள் மெஹிட்டபெல், சோளமாவுப் புட்டை வெட்டிக்கொண்டே. “இல்லன்னா முழுசையும் அடுப்புல போடுங்க. எதுக்கு இப்படி முழிச்சுக்கிட்டு நிக்கறீங்க?”

வாசலில் நின்ற டாட் இருமினான். “பின்பக்கம் பாருங்க ஐயா.”

லாத்ராப் தாளைத் திருப்பினார். போன வருடம் மூழ்கிய தன் கப்பலுக்காக லண்டன் காப்பீட்டுக்காரர்களிடம் பணம் கேட்டு எழுதிய கடிதத்தின் நகல். வழக்கு அங்கே நடந்துகொண்டிருந்தது. பக்கம் குறைகிற புத்தகத்தை எந்த நீதிபதியும் சாட்சியாக ஏற்க மாட்டார்.

“இதை ஏண்டா பின்பக்கத்துல எழுதினே?”

“காகிதச் சிக்கனங்க.”

லாத்ராப் கத்தியைக் கீழே வைத்தார். மானமா, கப்பல் பணமா என்று அவர் யோசித்ததாகச் சிலர் சொல்வார்கள். அவ்வளவு நேரம் ஆகவில்லை. புட்டு ஆறுவதற்குள் புத்தகத்தை மூடி டாட் கையில் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை நகர மன்றத்து மாடியில் குழு கூடியது. லாத்ராப் வழக்கம்போல ஓக் நாற்காலியில் உட்கார்ந்தார். டாட் கடிதத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தான். ‘தேவதையின் கண்ணீர் தெளிவாகத் தெரிய வேண்டும்’ என்ற இடத்தில் ஒருவர் முக்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“விக்கறதுக்கா வரவழைச்சேன்?” என்றார் லாத்ராப். “சொந்த உபயோகத்துக்கு.”

“எப்ப உபயோகிக்கப்போறீங்க?” என்றார் ஜன்னல்காரர்.

“கேலி பண்ணாதீங்க. கல்லுன்னு பார்த்தா கப்பல் ஆடாம இருக்கப் போடற அடிப்பாரம். அவ்வளவுதான்.”

“அடிப்பாரத்துல தேவதை எதுக்கு?” என்ற ஃப்ரிங்க் முக்காலியை இழுத்து முன்னால் போட்டார். “இதோ பாருங்க லாத்ராப். உங்களை அவமானப்படுத்தறதுல எனக்கு ஒண்ணும் லாபம் இல்லை. நம்ம தலைவரே இப்படின்னு வெளியூர்க்காரன் சிரிப்பான். நாற்காலியை விட்டு இறங்கிடுங்க. கல்லு மூணையும் கிட்டங்கியில பூட்டிடலாம். பத்திரிகையில ஒரு வரி வராது. விஷயம் இந்த ஊரோட போகட்டும்.”

நியாயமான பேச்சு. மெஹிட்டபெல்லாக இருந்தால் அந்த நிமிடமே எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டிருப்பாள்.

“நான் இறங்கினா யார் உக்காருவா?”

“அடுத்தவன் நான். விதி அப்படித்தான்.”

லாத்ராப் ஃப்ரிங்கின் மெழுகு பிடித்த விரல்களைப் பார்த்தார். “செருப்புத் தைக்கிறவனா? இந்த நாற்காலியிலயா?”

 ஃப்ரிங்க் கோபமே இல்லாமல், மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். விதவைக்குப் போட்ட அதே அறிவிப்பு, பெயர் மட்டும் வேறு. “இறங்கலைன்னா இதுதான் போகணும். ஆறு பேரும் சம்மதிச்சாச்சு. தலைவர் கையெழுத்து இல்லாம பத்திரிகைக்காரன் வாங்க மாட்டான். போட மாட்டேன்னா, வேலை செய்யாத தலைவரை நீக்கலாம்னும் விதி இருக்கு. அதுவும் நீங்க எழுதினதுதான்.”

லாத்ராப் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு இறகுப் பேனாவை மையில் தோய்த்து, நாட்டின் பகைவரான ஜாபெஸ் லாத்ராப்போடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கவோ உடன் உட்காரவோ கூடாது என்ற வாசகத்தின் கீழே, மூன்று மடங்கு பெரிய எழுத்தில், ‘ஜாபெஸ் லாத்ராப், தலைவர்’ என்று போட்டார்.

“ஆச்சா? இப்ப நான்தானே தலைவர்?”

“நீங்கதான்,” என்றார் ஃப்ரிங்க். தாளை ஊதி மை காயவைத்தார். “ஆனா கையெழுத்து விழுந்த நிமிஷத்துலேருந்து உங்களோட உக்காரக் கூடாதே. மன்னிச்சுக்கணும்.”

அவர் எழுந்து தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டார். மற்ற ஐந்து பேரும் தூக்கிக்கொண்டார்கள். படிக்கட்டில் முக்காலிகள் இடிபடுகிற சத்தமும், ஜன்னல்காரரின் அடக்க முடியாத சிரிப்பும் இறங்கிப்போய், எதிரில் இருந்த மதுக்கடைக்குள் நுழைந்தன.

லாத்ராப் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்தபடி நாற்காலியில் இருந்தார். டாட் நகல் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவருகில் காத்திருந்தான்.

“கூட்டம் முடிஞ்சுதுங்களா ஐயா? பூட்டணும்.”

“எப்படி முடியும்?” என்றார் லாத்ராப். “தலைவர் இன்னும் முடிச்சுவைக்கலையே.”