பஞ்சு வைத்தபின் வரும் பேச்சு

என் தம்பி பிடுங்காத பல் இந்த ஊரில் இல்லை. கொஞ்சம் மிகைதான், பல்லே இல்லாத கோழிகளை விட்டுவிட்டான்.

எழுபதைத் தாண்டிய பல் டாக்டர். ஓய்வு பெறப்போவதாக ஆண்டுதோறும் அறிவிப்பான், அதுவும் நோயாளியின் வாயில் பஞ்சை அடைத்த பிறகு. மறுத்துப் பேச முடியாதே! ஆனால் நிறுத்தியதில்லை. அவனிடம் வேலை பழகிய இரண்டு இளம் டாக்டர்களும் பெருநகரத்துக்குப் போய்விட்டார்கள். அவன் நாற்காலியை விட்டால் இந்தப் பக்கம் வேறு ஆள் கிடையாது.

நேற்று என் கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டான்.

"இன்னிக்கும் அந்த ஓய்வுப் பாட்டுதானாடா?"

"இன்னிக்குப் பாட்டு இல்லக்கா. வாயைத் திற."

பஞ்சை வைத்தான். கதவுக்கு வெளியே கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த கூட்டத்தையே பார்த்தான். பிறகு குறடை எடுத்தான். வலது மணிக்கட்டைப் பற்றியிருந்த அவன் இடது கை நடுங்குவதைக் கண்டேன். பிடுங்கப்போவது வலது கைதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

என் பார்வை போன இடத்தைக் கவனித்த நர்ஸம்மா காதருகே குனிந்தாள்.

"இடது கைக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆடுற வலது கையைப் புடிச்சு நிறுத்தப் பாக்குது, அவ்வளவுதான்."