சூரியன் வைத்த சத்திரம்

என் கையெழுத்து மோசம். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவே சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது.

சித்தூரில் ஒரு வக்கீல் முதன்முதலாகச் சிமெண்டில் புதுமாதிரி வீடு கட்டியபோது ஊரே போய்ப் பார்த்தது. மூலைகளெல்லாம் வளைவு. உச்சியில் பாதிச் சூரியன், அதிலிருந்து விசிறி போலக் கதிர்கள். வெல்ல மண்டியில் வேலை முடிந்ததும் நானும் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன். பிறகு காபி ஓட்டலுக்கு ஒரு சூரியன் வந்தது. ஜவுளிக்கடைக்கு வந்தது. பல் பிடுங்குகிறவர் தன் தகரக் கொட்டகைக்கு முன்னால் சுவர் மட்டும் எழுப்பி, அதன்மேலும் ஒன்று வைத்தார். அப்போதும் எனக்கு அலுக்கவில்லை. திருப்பதியில்தான் அலுத்தது.

தங்கையின் மகளுக்கு முடி இறக்கப் போயிருந்தோம். மலையில் நானும் மொட்டை போட்டுக்கொண்டேன். குழந்தை அதைப் பார்ப்பதற்குள் தூங்கிவிட்டாள். படியிறங்கிச் சத்திரம் வந்து சேர்ந்தும் அவள் விழிக்கவில்லை. மறுநாள் காலை அங்கேயே காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். நான் ஒருவன்தான் மாமன்.

விடிந்ததும் பழமும் பூவும் வாங்கப் புறப்பட்டேன். அடையாளத்துக்காக வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் சூரியன். அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

தட்டோடு திரும்பினால் தெரு முழுக்கச் சூரியன்.

கண்ணில் பட்ட சத்திரத்தில் நுழைந்தேன். ஒரு பெரிய குடும்பம் பந்தியில் உட்கார்ந்திருந்தது; பாதிப் பேர் மொட்டை. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெரியவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"மாப்ள ஊட்டு ஆளா? ஏன்பா நின்னுக்கினு கீற? இட்லி துன்னு."

மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் வீட்டுக்காரன் என்று நினைத்திருப்பார்கள். இல்லை என்று சொல்லக் கூச்சம். தின்றுவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த வாசலில் காவல்காரரிடம் எங்கள் சத்திரத்துக்குத் துணிந்து வழி கேட்டேன்.

"எந்தச் சத்திரம்பா?"

"மேல சூரியன் வெச்சது."

"இந்தத் தெருவுல சூரியன் இல்லாத சத்திரம் ஒண்ணு காட்டு, இந்த வேலைய வுட்டுட்டுப் போறேன்."

அங்கே எங்கள் சத்திரத்தில், காது குத்த வந்த ஆசாரி தங்கையிடம் அவசரப்பட்டிருக்கிறார். "அப்பன் மடியிலயே வெச்சுக் குத்திடலாம்மா. வேற எடத்துலயும் காத்துக்கினு கீறாங்க."

"எங்கண்ணன் வராம ஊசிய எடுத்துப் பாரு!" என்று சொல்லிவிட்டு அவள் தெருவுக்கே வந்துவிட்டாள். தெருவெல்லாம் மொட்டைத் தலை; என் நடையை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

"அண்ணா! நம்ம வாசலயே தாண்டிப் போய்க்கினு கீறியே!"

உள்ளே மச்சான் சிரித்தார். "மாமனையே தொலைச்சுட்டுக் காது குத்த வந்தோம்னு ஊர்ல சொல்லுவாங்க."

"நீங்க சிரிக்காதீங்க," என்றார் ஆசாரி. "நேத்து நானே தப்பான சத்திரத்துல பூந்து, யார் ஊட்டுப் புள்ளைக்கோ குத்தப் பாத்தேன்."

குழந்தை என் தலையைப் பார்த்தாள். "இது மாமா இல்ல!" என்று வீரிட்டுத் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. குனிந்து தலையை நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு விரலால் தொட்டாள். சொரசொரவென்று இருந்ததும் தன் தலையைத் தடவிப் பார்த்தாள், மறுபடி என் தலையை. பிறகு சிரித்துக்கொண்டே தானாக மடிக்கு இறங்கினாள். ஆசாரி அந்தச் சிரிப்பிலேயே ஒரு காதைக் குத்திவிட்டார். மற்றதற்கு அவள் அழுத அழுகையில் என் காதைப் பிடித்துத் திருகிவிட்டாள்.

சூரியன் அழகுதான், அதில் சந்தேகமில்லை. கட்டுகிறவர்கள் ஆசையாகத்தான் கட்டுகிறார்கள். ஆனால் ஒருவர் சூரியன் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கிளியையாவது வைக்கக் கூடாதா? இன்று எங்கள் தெருவிலும் ஒருவர் சூரியன் வைக்கச் சாரம் கட்டியிருக்கிறார். போய்ச் சொல்லத் தைரியமில்லாமல் இதை எழுதி வைத்தேன்.

1941 ஆகஸ்டு 12, செவ்வாய்க்கிழமை.