சகலையின் சீன எழுத்து

என் சகலை, அதாவது என் மனைவியின் அக்காள் கணவர், சிங்கப்பூரில் ஒரு சீனர் கடையில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, சுதந்திரத்துக்குப் பிறகு பாம்பனுக்குத் திரும்பினார். நான் வேலை பார்த்த கிட்டங்கியிலேயே அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவித்துக் காயவைத்த கடலட்டையைப் பலகைப் பெட்டிகளில் அடைத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பும் இடம் அது. பெட்டி மேல் இங்கிலீஷில் ஊர்ப் பெயர் எழுதுவது என் வேலை. ஐந்தாம் வகுப்புதான் படித்தேன் என்றாலும் என் கையெழுத்தில் எனக்குக் கர்வம் உண்டு.

வாங்குகிற கடையின் பெயரைச் சீனத்திலும் எழுதினால் நல்லது என்று முதலாளி சொன்னதும், சகலை ஒரு மூங்கில் பிரஷை எடுத்துவந்தார். மூன்றே எழுத்து. அழுத்தினால் கோடு தடித்தது, தூக்கினால் மீன்முள்ளாக மெலிந்தது. சுமை தூக்குகிறவர்கள் எல்லாம் கூடி நின்று பார்த்தார்கள். என் இங்கிலீஷை ஒருத்தரும் அப்படி நின்று பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தால் மனைவியும் அதே பேச்சு. "மச்சான் எழுதுறதப் பாத்தீகளா? படம் வரஞ்ச கணக்கா இருக்காம்ல?"

"ஆமா, காக்கா மணல்ல நடந்த கணக்கா இருக்கு" என்றேன். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

இராமநாதபுரம் போய் ஒரு மைப்பேனா வாங்கினேன். கோடெல்லாம் ஒரே தடிமன். கட்டை நிப் வாங்கினேன்; பலகைச் சிராயில் மாட்டிப் பிளந்தது. பனைநாரை நசுக்கிப் பார்த்தேன், மை சொட்டியது. கடைசியில் மாமியார் வீட்டு வெள்ளாட்டின் வால் முடியைக் கத்தரித்து மூங்கில் குச்சியில் கட்டினேன். அதுதான் கைக்கு அடங்கியது. "எந்தப் பய ஆட்டு வாலக் கத்தரிச்சான்?" என்று மாமியார் மூன்று நாள் ஏசினார். நானும் கூடச் சேர்ந்து ஏசினேன்.

கேட்டிருந்தால் சகலை சொல்லித் தந்திருப்பார். அவர் பக்கத்தில் போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை. பெட்டிக்கு அந்தப் பக்கம், அவருக்கு நேர் எதிரே, ஆணி அடிப்பதுபோல் உட்கார்ந்து கண்ணாலேயே திருடினேன்.

ஒரு நாள் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். முதலாளி மதுரையில். மறுநாள் பெட்டிகள் ரயிலேற வேண்டும். எழுதிக் காட்டிவிட்டால் அந்த வேலை என்னிடம் வந்துவிடும். மாதாவை வேண்டிக்கொண்டு பன்னிரண்டு பெட்டியிலும் எழுதினேன். கோடு அழகாகத்தான் விழுந்தது.

காலையில் சகலை தள்ளாடி வந்தார். பெட்டியைப் பார்த்துக் கழுத்தைச் சாய்த்தார். அப்புறம் சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார்.

"ஏலே தம்பி, எங்கன இருந்து பாத்துப் படிச்ச? அம்புட்டும் தலகீழால்ல இருக்கு!"

கீழே என் இங்கிலீஷ் நேராக இருந்தது. மேலே சீனம் தலைகீழாக நின்றது.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். "யாரு செஞ்ச வேல இது?"

"நாந்தான் முதலாளி" என்றார் சகலை. "நேத்து காய்ச்சலோட வந்து எழுதுனேன். தல சுத்துனதுல பெட்டியத் திருப்பி வச்சுட்டேன்."

முதலாளி பெட்டியை விட்டுவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "இந்தக் காய்ச்சலோடயா வந்த? ஒன்னய மாதிரி ஆளு கெடைக்குமா! இனிமே இங்கிலீஷையும் நீயே எழுதிரு. எல்லாம் ஒரே கையா இருக்கட்டும்."

பன்னிரண்டு பெட்டியையும் இழைப்புளி போட்டுச் சீவியது நான். தப்புச் செய்ததும் நான். பேர் மட்டும் அவருக்கு.

அந்தச் சனிக்கிழமை மாதா கோயிலில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், பொறாமைப்பட்டேன் சாமி என்றேன். எதற்கு என்று கேட்டார். எழுத்தைச் சொன்னேன், ஆட்டு வாலைச் சொன்னேன். எனக்காக அவர் பழி ஏற்றதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால், சாமியார் வாயாலும் அவர் புகழைக் கேட்க வேண்டியிருக்கும்.